ஆங்கிலக் கடிதத்தில் ‘ஹீ’ என்றால் யார்? பிரதிப்பெயர்களைத் தெளிவாக எழுத ஒரு தொடக்க வழிகாட்டி

மண்டபத்திலிருந்து வடக்கே தொண்டி வரையிலும், தென்மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாக மூக்கையூர் வரையிலும் நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டிய தேவை இன்று பலருக்கும் வந்துவிட்டது. படகுக் காப்பீட்டுக்கு எழுதுகிறவர், வளைகுடா வேலைக்கு விண்ணப்பிக்கிற இளைஞர், இராமேசுவரத்தில் வடநாட்டு யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர், கடல் பூங்காவைப் பற்றிப் புராஜெக்ட் தயாரிக்கிற கல்லூரி மாணவி என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இப்படி எழுதப்படும் கடிதங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வழக்கம் உள்ள எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: பெரிய சொற்கள் தெரியாததால் கெட்டுப்போகும் கடிதங்கள் குறைவு, ஹீ, ஷீ, இட், தே, வி, திஸ் போன்ற சின்னஞ்சிறு சொற்கள் யாரைக் குறிக்கின்றன என்று புரியாததால் கெட்டுப்போகும் கடிதங்களே அதிகம். பள்ளியில் ‘புரோநவுன்’ என்று மனப்பாடம் செய்த இந்தச் சொற்களைத் தமிழில் பிரதிப்பெயர் என்கிறோம். ஆங்கிலத்தில் இப்போதுதான் எழுதத் தொடங்குகிறவர்களுக்காக, இவற்றைப் பயன்படுத்தும் முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

சுமை யார் தலையில்?

தமிழில் ‘நேற்று வந்தேன்’ என்று மட்டும் எழுதினால் போதும். வந்தது நான் என்பதை வினைச்சொல்லின் விகுதியே சொல்லிவிடும். ‘வந்தாள்’ என்றால் ஒரு பெண். ‘வந்தார்கள்’ என்றால் பலர். நம் பக்கத்துப் பேச்சில் ‘வந்தாக’ என்றால் மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். ஆங்கில வினைச்சொல்லுக்கு இந்த வேலை ஏறக்குறையத் தெரியாது. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ போன்ற சில வடிவங்களையும், நிகழ்காலத்தில் ஒருமைப் படர்க்கைக்குச் சேரும் ஓர் ‘எஸ்’ எழுத்தையும் விட்டுவிட்டால், ‘கேம்’ என்னும் ஒரே சொல் நான், நீ, அவன், அவள், அது, அவர்கள் ஆகிய அனைவருக்கும் பொதுவாக நிற்கிறது. ஆகவே, வந்தது யார் என்று சொல்லும் முழுச் சுமையும் அதற்கு முன்னால் நிற்கும் பிரதிப்பெயரின் தலையில் விழுகிறது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் நமக்கு வருகின்றன. தமிழில் விட்டுவிடக்கூடிய பிரதிப்பெயரை ஆங்கிலத்தில் விடாமல் எழுத வேண்டும் என்பது ஒன்று. எழுதிய ஒவ்வொரு பிரதிப்பெயரும் எந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறது என்பதைப் படிப்பவர் நம்மிடம் கேட்காமலேயே கண்டுகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைப் பழக்கத்தால் கற்றுவிடலாம். இரண்டாவதற்குத்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் எழுதுகிறவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தோன்றும். பாம்பனில் நடந்தது அவருக்குத் தெரியும். சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து கடிதத்தைப் பிரிக்கிறவருக்குத் தெரியாது.

முதல் படி: எழுவாயை விடாதீர்கள், இரண்டு முறையும் எழுதாதீர்கள்

‘விண்ணப்பம் அனுப்பினேன், பதில் வரவில்லை’ என்பதை ‘சென்ட் அப்ளிகேஷன், டிட் நாட் ரிசீவ் ரிப்ளை’ என்று எழுதுவது வாட்ஸ்ஆப்பில் செல்லும். முறையான கடிதத்தில் ‘ஐ சென்ட்’, ‘ஐ டிட் நாட் ரிசீவ்’ என்று இரண்டு இடத்திலும் ‘ஐ’ வேண்டும். மழை, நேரம், தூரம், வெயில் இவற்றைப் பற்றிச் சொல்லும்போது எழுவாய் என்று சொல்ல ஒரு பொருள் இல்லாவிட்டாலும் ஆங்கிலம் அந்த இடத்தைக் காலியாக விடாது. ‘இட் இஸ் ரெய்னிங்’, ‘இட் இஸ் லேட்’ என்பவற்றில் உள்ள ‘இட்’ எதையும் குறிப்பதில்லை. வாக்கியத்தின் இருக்கையை நிரப்புவதற்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ‘இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு எவ்வளவு தூரம்’ என்று விருந்தினருக்கு எழுதும் விடுதிக்காரர் ‘இஸ் ட்வென்டி கிலோமீட்டர்ஸ்’ என்று தொடங்காமல் ‘இட் இஸ் அபௌட் ட்வென்டி கிலோமீட்டர்ஸ்’ என்று எழுத வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. ‘மை பிரதர் ஹீ இஸ் வொர்க்கிங் இன் துபாய்’ என்று எழுதுகிறவர் ஒரே இருக்கையில் இருவரை உட்கார வைக்கிறார். பேச்சில் ‘எங்க அண்ணன், அவுக துபாயில இருக்காக’ என்று சொல்லும் ஓட்டம் அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிடுகிறது. ‘மை பிரதர்’ வந்துவிட்டால் அந்த வாக்கியத்தில் ‘ஹீ’ வேண்டியதில்லை. அடுத்த வாக்கியத்தில் வரட்டும்.

இரண்டாம் படி: எண்ணும் பாலும்

மரியாதைப் பன்மைதான் நம்மை அதிகம் இடறிவிடுகிறது. ‘அப்பா வந்தாக’ என்பதில் இருப்பது ஒருவர். ஆனால் அதை ஆங்கிலத்தில் நினைக்கும்போது மனம் ‘தே’ என்றே போகிறது. அப்பாவைப் பற்றி ஒரு பத்தி முழுவதும் ‘தே’ போட்டு எழுதிய கடிதத்தைப் படிக்கிறவர், அப்பாவுடன் வேறு யாரோ இருப்பதாகவே எண்ணுவார். ஆங்கிலத்தில் அப்பா ‘ஹீ’, அம்மா ‘ஷீ’, மாவட்ட ஆட்சியர் ஆணானால் ‘ஹீ’, பெண்ணானால் ‘ஷீ’. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் மரியாதை பிரதிப்பெயரில் குடியிருப்பதில்லை, கடிதத்தின் தொனியிலும் ‘சர்’, ‘மேடம்’ போன்ற விளிகளிலும்தான் இருக்கிறது. ‘யூ’ என்று எழுதும்போது ‘நீ’ என்று சொல்லிவிட்டோமோ என்று கூசுகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம்: பழைய ஆங்கிலத்தில் நீ என்பதற்கு ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது, ‘யூ’ பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்தது, காலப்போக்கில் ‘தௌ’ பொது வழக்கிலிருந்து மறைந்து, எல்லோருக்கும் ‘யூ’ என்றாகிவிட்டது. ஆகவே, நீங்கள் எழுதுவது ‘நீங்கள்’தான்.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால் தமிழில் ‘அவர்’ என்று தப்பித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘தே’ என்னும் அதே சொல் ஒருமைப் பொருளில் வருகிறது. ‘இஃப் எனிஒன் ஃபைண்ட்ஸ் தி கீ, தே ஷுட் கால் அஸ்’ என்பது பிழையன்று. பல நூற்றாண்டுகளாக வழக்கில் இருந்தும் பள்ளி இலக்கணம் நெடுங்காலம் முகம் சுளித்த இந்தப் பயன்பாட்டை, கட்டுரை எழுதும் முறைக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் மெரியம் வெப்ஸ்டர் அகராதி ‘தே’ என்பதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஒருவரைக் குறித்தாலும் அதற்கு ‘தே ஆர்’ என்றே வினை வரும்; ஒருவரிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்பதுபோல. தயக்கம் இருந்தால் வாக்கியம் முழுவதையும் பன்மையாக்கிவிடுவது நல்ல வழி: ‘கெஸ்ட்ஸ் ஹூ லூஸ் தேர் கீஸ் ஷுட் கால் அஸ்’ என்று அறைக்கதவில் ஒட்டினால் எந்த இலக்கண ஆசிரியரும் குறை சொல்ல மாட்டார்.

அஃறிணையில் வேறு ஒரு சிக்கல். ‘வலைகள் கிழிந்துவிட்டது’ என்று பேச்சில் சொல்கிறோம். எழுத்தில்கூடப் பலர் ‘கிழிந்துவிட்டன’ என்று எழுதுவதில்லை. அஃறிணைப் பன்மையை ஒருமைபோல் நடத்தும் இந்தப் பழக்கத்தால் ‘தி நெட்ஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘இட் வாஸ் டோர்ன்’ என்று எழுதுகிறோம். பல வலைகள் என்றால் ‘தே வேர் டோர்ன்’. அதேபோல ‘இந்த வலை’, ‘இந்த வலைகள்’ என இரண்டுக்கும் தமிழில் ‘இந்த’ ஒன்றே. ஆங்கிலத்தில் ‘திஸ் நெட்’, ‘தீஸ் நெட்ஸ்’. மீனுக்கு இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் ‘ஃபிஷ்’ என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் அப்படியே நிற்கும். ‘வி பேக்ட் தி ஃபிஷ் அண்ட் சென்ட் இட்’ என்றால் ஒரு மீனோ, மொத்தமாக ஒரு சரக்கோ. ‘சென்ட் தெம்’ என்றால் பல மீன்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் அந்தக் கணக்கைச் சொல்வது பிரதிப்பெயர் மட்டும்தான்.

படகை ‘இட்’ என்பதா ‘ஷீ’ என்பதா என்று கேட்கிறவர்கள் உண்டு. கப்பலைப் பெண்ணாகச் சொல்வது ஆங்கிலக் கடலோடிகளின் பழைய மரபு. லண்டனில் 1734இல் தொடங்கப்பட்ட கப்பல் செய்தி ஏடான லாயிட்ஸ் லிஸ்ட்கூட 2002இல் அந்த மரபைக் கைவிட்டு ‘இட்’டுக்கு மாறிவிட்டது. விசைப்படகோ வல்லமோ, ‘இட்’ என்றே எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஓர் உடையவர்

இனி வருவதுதான் முக்கியமான படி. எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பிரதிப்பெயரின் மீதும் விரலை வைத்து, அது எந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறதோ அந்தப் பெயரைத் தாளில் பின்னோக்கித் தேடுங்கள். பெயர் ஒன்றே கிடைத்தால் வாக்கியம் சரி. இரண்டு கிடைத்தால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் அந்தப் பெயர் உங்கள் மனத்தில் மட்டும் இருக்கிறது, தாளுக்கு இன்னும் வரவில்லை என்று பொருள்.

எடுத்துக்காட்டுக்கு, ‘செல்வம் டோல்ட் அந்தோணி தட் ஹிஸ் நெட் வாஸ் டோர்ன்’ என்று ஒரு வாக்கியம். கிழிந்தது யார் வலை? தமிழில் இந்தக் கேள்வி எழாது. செல்வத்தின் வலையென்றால் ‘தன் வலை கிழிந்துவிட்டதாகச் செல்வம் அந்தோணியிடம் சொன்னார்’ என்போம். அந்தோணியின் வலையென்றால் ‘அவருடைய வலை’ என்போம். எழுவாயையே சுட்டும் ‘தன்’ என்னும் அரிய கருவி நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை, ‘ஹிஸ்’ என்பது இரண்டுக்கும் பொது. ‘ஹிஸ் ஓன் நெட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் சில இடங்களில் தீர்ந்துவிடும். தீராத இடத்தில் சொன்னதை நேர்க்கூற்றாக எழுதுவது எளிது: ‘செல்வம் டோல்ட் அந்தோணி, யுவர் நெட் இஸ் டோர்ன்’. தமிழில் எழுதினால் ‘தன்’ போட்டிருப்போமே என்று தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் ஆங்கிலத்தில் ஒரு கணம் நின்று பாருங்கள்.

இருவரைப் பற்றி எழுதும்போது மட்டுமல்ல, இரு கூட்டத்தாரைப் பற்றி எழுதும்போதும் இதே இடர் உண்டு. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து வாழும் பெண்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடக்கும் பேச்சுவார்த்தைகளைப் பற்றி மாணவர்கள் நிறைய எழுதுகிறார்கள். ‘தி விமன் டோல்ட் தி அஃபிஷியல்ஸ் தட் தே குட் நாட் ஸ்டாப் தி வொர்க்’ என்று ஒரு வரி வந்தால், வேலையை நிறுத்த முடியாது என்பது பெண்களின் நிலையா, அதிகாரிகளுக்கு அதைத் தடுக்க உரிமை இல்லை என்று பெண்கள் வாதிட்டார்களா? இரண்டும் முற்றிலும் வேறான செய்திகள். ‘தே’ என்ற இடத்தில் ‘தி விமன்’ என்றோ ‘தி அஃபிஷியல்ஸ்’ என்றோ மீண்டும் எழுதிவிட்டால் முடிந்தது.

மீண்டும் எழுதுவதற்கு நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். ஒரே சொல் திரும்ப வந்தால் நடை கெட்டுவிடும் என்று பள்ளிக் கட்டுரைக் காலத்தில் யாரோ சொல்லிவைத்தது மனத்தில் தங்கிவிட்டது. என் கருத்தில், குழப்பமான ஒரு ‘இட்’டைவிட மூன்று முறை திரும்ப வரும் ஒரு பெயர் எவ்வளவோ மேல். பாம்பனைப் பற்றிச் சுற்றுலாக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அங்கே 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் ஒன்று, 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் ஒன்று, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும் புதிய ரயில் பாலம் ஒன்று என மூன்று பாலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தி ரோட் பிரிட்ஜ் ஸ்டாண்ட்ஸ் பிசைட் தி ஓல்ட் ரெயில்வே பிரிட்ஜ். இட் ஓப்பன்ட் இன் 1988’ என்று எழுதினால், பக்கத்தில் நிற்கும் பெயர் ரயில் பாலம் என்பதால் அதுவே 1988இல் திறக்கப்பட்டதாக ஒரு வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. மூன்று பாலங்களைப் பற்றிய பத்தியில் ‘இட்’ என்னும் சொல்லே ஏறக்குறையப் பயனற்றது. ‘தி ரோட் பிரிட்ஜ்’, ‘தி ஓல்ட் பிரிட்ஜ்’, ‘தி நியூ பிரிட்ஜ்’ என்று ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லுங்கள்.

உடைமைப் பெயருக்குள் மறைந்திருப்பவரைச் சுட்டுவதும் வழுக்கும் இடம். அப்துல் கலாமைப் பற்றிக் கட்டுரை எழுதாத பள்ளி மாணவர் இந்தக் கடற்கரையில் இருக்க முடியாது. ‘கலாம்ஸ் ஃபாதர் ஓன்ட் எ போட். ஹீ வாஸ் பார்ன் இன் 1931’ என்று எழுதினால், முதல் வாக்கியத்தின் எழுவாய் ‘ஃபாதர்’. கலாம் என்னும் பெயர் உடைமை உருபோடு சேர்ந்து அதற்கு அடைமொழியாக மட்டுமே நிற்கிறது. ஆகவே, படகு வைத்திருந்த தந்தை 1931இல் பிறந்தார் என்று அந்த வரிகள் சொல்கின்றன. ‘கலாம் வாஸ் பார்ன் இன் ராமேஸ்வரம் இன் 1931. ஹிஸ் ஃபாதர் ஓன்ட் எ போட்’ என்று வரிசையை மாற்றினால் இரண்டு வாக்கியமும் நேராகிவிடும்.

எல்லாவற்றிலும் வழுக்கலானது ‘திஸ்’. இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘திஸ்’ என்று தொடங்கி அடுத்த வாக்கியத்தை எழுதும் பழக்கம் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களிடமும் உண்டு. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது, ஒரு பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது என மூன்று வாக்கியங்களை எழுதிவிட்டு ‘திஸ் சேஞ்ச்ட் தி ஐலண்ட்’ என்று முடித்தால், தீவை மாற்றியது புயலா, ரயில் விபத்தா, அரசின் அறிவிப்பா? ‘திஸ்’ என்பதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துவிடுவதே மருந்து: ‘திஸ் ஸ்டார்ம்’, ‘திஸ் ஆக்சிடென்ட்’, ‘திஸ் டிசிஷன்’. எந்தப் பெயரைச் சேர்ப்பது என்று தெரியாமல் பேனா நின்றால், சொல்ல வந்தது என்ன என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்று அறிந்துகொள்ளலாம். ‘விச்’ என்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது எந்தப் பெயரைச் சுட்டுகிறதோ அதை ஒட்டியே உட்கார வேண்டும்.

நான்காம் படி: ‘வி’ என்பதில் யார் யார்?

நாம், நாங்கள் என்னும் இரண்டையும் ஆங்கிலம் ‘வி’ என்னும் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதா விலக்குவதா என்பது நமக்குப் பிறவியிலேயே தெரியும் வேறுபாடு என்பதால், ‘வி’ என்று எழுதும்போதும் அது மனத்தளவில் தெளிவாகவே இருக்கும். படிப்பவருக்கு அப்படி இருக்காது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் இருக்கிறது. அந்தக் காலத்து நிவாரணத்தைப் பற்றி அதிகாரிக்கு எழுதும் மனுவில் ‘வி மஸ்ட் டிசைட் தி டேட்’ என்று ஒரு வரி வந்தால், அதிகாரியும் நாமும் சேர்ந்து தேதியைத் தீர்மானிப்போம் என்று அழைக்கிறீர்களா, நாங்களே தீர்மானித்துக்கொள்வோம் என்று எச்சரிக்கிறீர்களா என்பது அவருக்குத் தெரியாது. முதலாவது வேண்டுகோள், இரண்டாவது மிரட்டல்.

இதற்கு வழி, மனுவின் முதல் வாக்கியத்திலேயே ‘வி, தி போட் ஓனர்ஸ் ஆஃப் மண்டபம்’ என்று ‘வி’ யார் என்பதை நிறுவிவிடுவது; பின்னர் கடைசி வரி வரை அந்தப் பொருளை மாற்றாமல் இருப்பது. கேட்பவரையும் சேர்க்க வேண்டிய இடத்தில் ‘வி’யை விட்டுவிட்டு ‘யுவர் ஆஃபீஸ் அண்ட் அவர் அசோசியேஷன்’ என்று இருவரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லுங்கள். நடுவில் திடீரென்று ‘ஐ’ எட்டிப் பார்ப்பதும் ஆகாது. சங்கத்தின் சார்பாக ‘வி’ என்று தொடங்கிய மனு, ‘ஐ ரிக்வெஸ்ட் யூ’ என்று முடிந்தால், கேட்பது சங்கமா, எழுதிக் கொடுத்தவரா என்ற ஐயம் வரும். ‘கமிட்டி’, ‘ஃபேமிலி’ போன்ற சொற்களை ‘இட்’ என்றும் சொல்லலாம், ‘தே’ என்றும் சொல்லலாம். ஒரு கடிதத்தில் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வடிவங்கள்

‘ஐ’ எழுவாய், ‘மீ’ செயப்படுபொருள் என்பதைத் தனியாகக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். இன்னொருவர் கூட வரும்போதுதான் தடுமாற்றம். ‘தி மேனேஜர் கால்ட் மை பிரதர் அண்ட் ஐ’ சரியா என்று ஐயம் வந்தால் அண்ணனைச் சற்று நேரம் வெளியே அனுப்பிவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள்: ‘தி மேனேஜர் கால்ட் ஐ’ என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆகவே ‘மை பிரதர் அண்ட் மீ’. ‘மீ’ என்பது பணிவற்ற சொல் என்று எண்ணிக்கொண்டு எல்லா இடத்திலும் ‘ஐ’ போடுகிறவர்கள் இந்தச் சோதனையை வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். நேர்முகத் தேர்விலும் விண்ணப்பத்திலும் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கித் தன் பெயரைச் சொல்வது நம் நாட்டில் வேரூன்றிவிட்ட வழக்கம். ‘ஐ ஆம்’ அல்லது ‘மை நேம் இஸ்’ என்பதே சரி. ‘ஹூம்’ என்பதை, சான்றிதழ்களின் தலைப்பில் வரும் ‘டு ஹூம்ஸோஎவர் இட் மே கன்சர்ன்’ என்பதுபோல, ‘டு’, ‘ஃப்ரம்’, ‘வித்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் மட்டும் பயன்படுத்தினால் தொடக்க நிலைக்குப் போதும்.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘மை பிரதர் அண்ட் அந்தோணி வென்ட் டு சீ ஆன் டியூஸ்டே. ஹிஸ் போட் ஹிட் அனதர் போட் அண்ட் இட் வாஸ் டேமேஜ்ட். தே செட் தே வுட் பே பட் தே டிட் நாட். திஸ் இஸ் வை வி ஆர் ரைட்டிங்.’

எழுத்துப் பிழையோ காலப் பிழையோ இல்லை. ஆனால் விரலை வைத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. ‘ஹிஸ்’ அண்ணனா, அந்தோணியா? ‘இட்’ எந்தப் படகு? சேதமான படகு யாருடையது என்பதுதானே காப்பீட்டில் முதற்கேள்வி. மூன்று ‘தே’க்களுக்கும் உரியவர்களின் பெயர் தாளில் எங்கும் இல்லை, பின்னோக்கித் தேடினால் கிடைப்பவர்கள் அண்ணனும் அந்தோணியும்தான் என்பதால், பணம் தருவதாகச் சொல்லி ஏமாற்றியது அவர்களே என்றாகிவிடுகிறது. ‘திஸ்’ என்பது மோதலா, பணம் வராததா? ‘வி’ என்பது யார்?

இப்போது அதே செய்தியை இப்படி எழுதலாம்.

‘மை பிரதர் செல்வம் வென்ட் டு சீ ஆன் டியூஸ்டே இன் ஹிஸ் ஓன் போட். ஹிஸ் ஃப்ரெண்ட் அந்தோணி வென்ட் வித் ஹிம். நியர் தி பாம்பன் பிரிட்ஜ், அனதர் போட் ஹிட் செல்வம்ஸ் போட். தி ப்ரொப்பெல்லர் ஆஃப் செல்வம்ஸ் போட் வாஸ் டேமேஜ்ட். தி ஓனர் ஆஃப் தி அதர் போட் செட் தட் ஹீ வுட் பே, பட் ஹீ ஹாஸ் நாட் பெய்ட். ஐ ஆம் ரைட்டிங் ஆன் பிஹாஃப் ஆஃப் செல்வம் டு கிளைம் ஃபார் திஸ் டேமேஜ்.’

கடிதம் நீண்டுவிட்டது, ‘செல்வம்ஸ் போட்’ அடுத்தடுத்த வாக்கியங்களில் திரும்ப வருகிறது. இரண்டையும் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாம் வாக்கியத்தில் ‘ஹிஸ்’, ‘ஹிம்’ ஆகியவற்றைத் தயங்காமல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘ஹிஸ்’ வருவதற்கு முன்னால் கடிதத்தில் இருக்கும் ஆண் செல்வம் ஒருவரே, அந்தோணி தன்னோடு தானே போக முடியாது என்பதால் ‘ஹிம்’ என்பதும் செல்வமே, ஆகவே அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. மாறாக, ‘அனதர் போட் ஹிட் செல்வம்ஸ் போட் அண்ட் டேமேஜ்ட் இட்ஸ் ப்ரொப்பெல்லர்’ என்று சுருக்கியிருந்தால், முட்டிய படகின் ப்ரொப்பெல்லரா முட்டப்பட்டதன் ப்ரொப்பெல்லரா என்ற ஐயம் வந்திருக்கும். ‘திஸ்’ என்பதற்குப் பின்னால் ‘டேமேஜ்’ வந்துவிட்டது. யார் எழுதுகிறார், யார் சார்பாக எழுதுகிறார் என்பதும் தாளில் ஏறிவிட்டது.

இந்தத் திருத்தத்தை எழுதும்போதே செய்ய முயல வேண்டாம். முதலில் மனத்தில் வருகிறபடி முழுவதையும் எழுதிவிட்டு, பிறகு பிரதிப்பெயர்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அதற்குரிய பெயருக்கு ஒரு கோடு இழுங்கள். கோடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றால் அந்த இடத்தில் பெயரை எழுதுங்கள். கோடு நாலைந்து வரி தாண்டிப் போனாலும் பெயரை ஒரு முறை புதுப்பித்துவிடுவது நல்லது. புதிய பத்தி தொடங்கும்போது பிரதிப்பெயரில் தொடங்காமல் பெயரில் தொடங்குங்கள். முடிந்தால், சம்பவம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, ‘இது யாரு?’ என்று அவர் கேட்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மேற்குறி

அப்பாஸ்ட்ரஃபி எனப்படும் மேற்குறி பெயர்ச்சொல்லில் உடைமையைக் காட்டும். ஹீ, இட், யூ, தே போன்ற பிரதிப்பெயர்களில் அது உடைமையைக் காட்டாது, சுருக்கத்தையே காட்டும். மேற்குறியோடு எழுதப்படும் ‘இட்ஸ்’ என்பது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்பதன் சுருக்கம். மேற்குறி இல்லாத ‘இட்ஸ்’தான் ‘அதனுடைய’. ஒலி ஒன்றே என்பதால் காதை நம்பிப் பயனில்லை. அந்த இடத்தில் ‘இட் இஸ்’ என்று விரித்துப் படித்துப் பொருள் வருகிறதா என்று பாருங்கள். ‘ஹூஸ்’, ‘யுவர்’, ‘தேர்’ ஆகியவற்றுக்கும் இதே சோதனை போதும். ‘ஹர்ஸ்’, ‘அவர்ஸ்’, ‘தேர்ஸ்’, ‘யுவர்ஸ்’ ஆகிய நான்கிலும் எந்த நிலையிலும் மேற்குறி வராது.

இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், கடிதம் முழுவதையும் கவனமாக எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்பதில் ‘ஆர்’ எழுத்துக்கும் ‘எஸ்’ எழுத்துக்கும் நடுவே ஒரு மேற்குறியைப் போட்டு அனுப்புகிறவர்கள் மிகப் பலர். அது வேண்டாம். கடிதத்தை ‘டியர் சர்’ அல்லது ‘டியர் மேடம்’ என்று தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்றும், பெறுநரைப் பெயர் சொல்லி விளித்திருந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றும் முடித்து, கீழே கையெழுத்திடுங்கள்.